லாமாவோடு மலை ஏறலாமா? மட்டக்களப்பு, அம்பாறைக் குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கம் இரண்டு வகை ஆட்களுக்கு. சுவிஸில் இருக்கும் பிள்ளைகளிடம் கோடைக்குப் போய், குடும்பமாக அரைநாள் லாமாவோடு (பொதி சுமக்கும், திமில் இல்லாத ஒட்டகக் குடும்ப விலங்கு) நடக்கப் போகிறவர்கள் ஒரு வகை. பழைய மாணவர்கள், நண்பர்கள் என்று பத்துப் பேர் சேர்ந்து பெரு நாட்டு அந்தீஸ் மலையில் மூன்று நாள் நடக்கத் திட்டம் போடுகிறவர்கள் மற்ற வகை. முதல் வகைக்கு நல்ல சப்பாத்தும் மழைச்சட்டையும் போதும். இரண்டாம் வகைக்கு ஊரில் இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டிய வேலை நிறைய. கேள்விகளும் பெரும்பாலும் அவர்களுடையவைதான்.

களைத்தால் லாமாவின் மேல் ஏறிப் போகலாமா?

முடியாது. வளர்ந்த லாமா 130 முதல் 200 கிலோ வரை இருக்கும். தன் எடையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றினால் அது நாள் முழுக்க நடக்காது. அந்தீஸில் ஒன்றுக்கு 20 முதல் 25 கிலோதான் ஏற்றுவார்கள். உங்கள் பொதியை அது சுமக்கும், நீங்கள் நடப்பீர்கள். ஒப்பந்தம் அவ்வளவுதான். முழங்கால் வலிக்காரர் யாராவது குழுவில் இருந்தால், அவசரத்துக்கு ஒரு குதிரை கூட வருமா என்று காசு கட்டும் முன்பே கேளுங்கள். அந்தீஸில் பல குழுக்களோடு அப்படி ஒன்று வருவது வழக்கம்.

லாமாவும் அல்பாக்காவும் ஒன்றா?

இல்லை. அல்பாக்கா சின்னது. மயிருக்காக வளர்ப்பது, பொதிக்கு உதவாது. காதைப் பார்த்தால் தெரியும்: லாமாவின் காது நீண்டு உள்ளே வளைந்திருக்கும், அல்பாக்காவின் காது குட்டையாக நேரே நிற்கும். இரண்டும் ஒட்டகக் குடும்பம், திமில் மட்டும் இல்லை.

துப்பும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் அது துப்புவது பெரும்பாலும் இன்னொரு லாமாவின் மேல், தீனிக்காக. நடுவில் நிற்கிறவருக்குத்தான் படும். முதலில் காது பின்பக்கம் மடியும். பிறகு மூக்கு வானத்தைப் பார்க்கும், தொண்டை கறகறக்கும். அந்தக் கட்டத்தில் பக்கவாட்டில் இரண்டு அடி விலகுங்கள். முதல் துப்பலில் காற்றும் எச்சிலும்தான் வரும். கோபம் தீராவிட்டால் இரைப்பையிலிருந்து அரைபட்ட பச்சைப் புல் வரும், அதன் நாற்றம் ஒரு தோய்ப்பில் போகாது. துப்பிய லாமாவுக்கும் அது பிடிக்காது. கீழுதட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வாய் திறந்தபடி நிற்கும்.

ஆளைக் குறிவைத்துத் துப்புகிற, நெஞ்சால் இடிக்கிற லாமா என்றால் விஷயம் வேறு. குட்டியில் மனிதரோடு அளவுக்கு மீறிக் கொஞ்சி வளர்த்த ஆண்களில் சில, பெரிதானதும் ஆட்களையும் தன் இனத்துப் போட்டியாளராக நினைத்துச் சண்டைக்கு வரும். அதனால்தான் லாமா நடை கூட்டிப்போகும் நல்ல நடத்துநர்கள் பொதிக்கு நலமடித்த ஆண்களைப் பழக்குகிறார்கள். குழுவில் சிறுவர்கள் இருந்தால் இதைக் கட்டாயம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

கயிற்றை எப்படிப் பிடிப்பது?

முதல் பத்து நிமிடத்தில் எல்லாரும் பிழைவிடும் இடம் இது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. லாமா திடுக்கிட்டுப் பாய்ந்தால் சுற்று இறுகி விரல் முறியும். மிச்சக் கயிற்றை எட்டுப்போல மடித்து, மடிப்பின் நடுவே உள்ளங்கையால் பிடியுங்கள். விட வேண்டிய நேரத்தில் கையைத் திறந்தாலே போதும், கயிறு தானாகக் கழன்றுவிடும்.

லாமாவுக்கும் உங்களுக்கும் இடையில் ஒன்றரை மீற்றராவது தளர்வாக இருக்கட்டும். கயிறு இறுகினால் அது காலை ஊன்றி நிற்கும், இழுக்க இழுக்க இன்னும் அசையாது. நிற்கிற லாமாவை முகத்துக்கு முகம் பார்த்து இழுப்பது வீண் வேலை. முன்பக்கம் திரும்பி, ஒரு சின்ன இழுப்பு, உடனே தளர்வு, நடையைத் தொடங்குங்கள். பின்னாலேயே வரும். முகக்கயிறு மூக்கெலும்பின் மேல், கண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். வழுக்கி மூக்கின் மெல்லிய பகுதிக்கு இறங்கினால் மூச்சு அடைபட்டு மிரளும். அதை நீங்களே சரிசெய்யப் போகாமல் நடத்துநரைக் கூப்பிடுங்கள்.

கழுத்தைக் கட்டிப்பிடிப்பது, தலையைத் தடவுவது இரண்டையும் அது விரும்பாது. தொடவேண்டுமென்றால் கழுத்தின் அடிப்பக்கத்தில், தோளுக்கு மேலே, புறங்கையால். நேர் பின்னால் போய் நிற்க வேண்டாம். அங்கே அதற்குக் கண் தெரியாது.

பத்துப் பேர் குழுவுக்கு எத்தனை லாமா வேண்டும்?

மூன்று நாள் நடைக்கு ஒரு கணக்கு: ஆளுக்கு 8 கிலோப்படி பத்துப் பேரின் பொதி 80 கிலோ. இருவர் கூடாரம் ஐந்து, தலா 3 கிலோ, 15 கிலோ. சமையல் சாமானும் எரிவாயுவும் 25 கிலோ. உணவு, நடத்துநர்களையும் சேர்த்துப் பதினான்கு பேருக்கு ஏறக்குறைய 40 கிலோ. மொத்தம் 160. ஒன்றுக்கு 20 கிலோ என்று வைத்தால் எட்டு லாமா. கூட இரண்டு வெறும் முதுகோடு வர வேண்டும். ஒன்று நொண்டினால் அதன் சுமையை மாற்ற வேறு வழி கிடையாது.

மூன்று வயதுக்குக் குறைந்த லாமாவில் முழுச் சுமை ஏற்றுகிறவர்களிடம் போகாதீர்கள். எலும்பு முற்றியிருக்காது.

பொதியை எப்படிக் கட்ட வேண்டும்?

லாமாவின் முதுகில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பை தொங்கும். இரண்டு பையும் எடையில் ஒன்றாக இருக்க வேண்டும், வித்தியாசம் அரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. கண் மதிப்பு இதில் செல்லாது. கொக்கித் தராசு ஒன்றைக் குழுவுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பாரம் கூடினால் சேணம் சரிந்து, பட்டி வயிற்றில் அறுக்கும். லாமா முதலில் முனகும், அடுத்ததாக நடையை விட்டுவிட்டுப் படுத்துவிடும். பாதி வழியில் எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற அரைமணி நேரம் போகும், அந்த நேரம் குளிர்காற்றில் நிற்பது நீங்கள்தான்.

பாரமானவை பைக்குள் அடியிலும், விலங்கின் உடலை ஒட்டியும் இருக்கட்டும். கூர்மையான எதுவும், கமராக் கால், போத்தல் மூடி, சப்பாத்து நுனி, உட்பக்கம் துருத்தக் கூடாது. விலா எலும்பில் உரசிப் புண்ணாகும். தூக்கப் பையை அந்தப் பக்கம் மெத்தைபோல வைப்பது நல்ல வழக்கம். சில்லு வைத்த பெட்டி வேண்டவே வேண்டாம், துணிப் பைதான். எல்லாவற்றையும் முதலில் தடித்த பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். ஓடையைக் கடக்கும்போது சில லாமாக்கள் தண்ணீரில் நிற்கும், சில படுக்கும்.

ஆளுக்கு 8 கிலோ எப்படிக் காணும் என்று கேட்பார்கள். தூக்கப் பை 2, உடுப்பு 3, மாற்றுக் காலணி அரை, சோப்பு பற்தூரிகை மருந்து ஒன்று, மிச்சம் ஒன்றரை. சாரி, சாரம், இரண்டாவது ஜீன்ஸ் எல்லாம் விடுதியில் விட்டுவிட்டு வாருங்கள். தண்ணீர், மழைச்சட்டை, குளிர்ச்சட்டை, மருந்து, போன் ஆகியவை மட்டும் உங்கள் முதுகுப் பையில். லாமா நூறு மீற்றர் முன்னே போய்விட்ட பிறகு மழை பிடித்தால், மழைச்சட்டை அதன் முதுகில் இருந்து பயனில்லை.

லாமா நடுவழியில் படுத்துவிட்டால்?

காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும்: பாரம் சரியில்லை, களைப்பு, சூடு, அல்லது கூட்டத்தைவிட்டுப் பிரிந்த பயம். கடைசிக் காரணம்தான் குழுக்களால் அதிகம் உண்டாவது. லாமா மந்தை விலங்கு. முன்னே நாலு பேர் வேகமாகப் போய், பின்னே மூன்று பேர் படம் எடுத்து நின்றால், நடுவில் தனித்த லாமா ம்ம்ம் என்று மூக்கால் முனகத் தொடங்கும். அது கேட்டவுடனே முன்னால் போனவர்கள் நிற்க வேண்டும்.

ஆகவே வரிசை ஒன்று வையுங்கள். முன்னே நடத்துநரும் வழிபழகிய லாமாவும். அதன் பின்னால் குழுவில் மெதுவாக நடக்கிறவர். வேகமாக நடக்கிறவர்கள் கடைசியில். ஒவ்வொரு லாமாவுக்கும் இடையில் இரண்டு மூன்று மீற்றர். இளைஞர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும்தான், ஆனால் மணிக்கு 3 கிலோமீற்றர் என்கிற லாமா நடை உயரமான இடத்தில் மனித நெஞ்சுக்கும் சரியான நடை. போகும் வழியில் எல்லாம் ஒரே இடத்தில் சாணி போட நிற்கும், ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். அந்த இரண்டு நிமிடம் தண்ணீர் குடிக்க உங்களுக்குக் கிடைத்த நேரம்.

எந்த வழி, எந்த மாதம்?

சுவிஸின் அல்ப்ஸ் மலையில் மே முதல் ஒக்டோபர் வரை. அந்தீஸில் வறண்ட காலம் மே முதல் செப்டெம்பர். பகலில் வெயில் சுடும், இரவில் தண்ணீர் உறையும்.

லாமாவோடு நடப்பதற்குப் பெயர் பெற்ற வழி, பெருவின் உவாஸ்கரான் தேசியப் பூங்காப் பக்கம், ஓயெரோஸ் என்ற ஊரிலிருந்து சாவின் டி உவாந்தர் வரை போவது. 40 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, மூன்று நாள். நடுவில் யானாஷயாஷ் கணவாய் ஏறக்குறைய 4,700 மீற்றர். முடிவில் 1985ல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த சாவின் கற்கோயில் இருக்கிறது. அதைப் பார்க்க அரைநாளாவது ஒதுக்குங்கள். மச்சு பிச்சுவுக்குப் போகும் பழைய இன்கா வழியில் பொதி விலங்குகளுக்கு அனுமதி இல்லை. அங்கே மனிதர்தான் சுமப்பார்கள். மச்சு பிச்சுவில் மேயும் லாமாக்களைப் படத்தில் பார்த்துவிட்டு அந்த வழியைக் கேட்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடலோரத்து ஆட்கள் நாங்கள். அந்த உயரத்தில் மூச்சு வருமா?

இதுதான் உண்மையான கேள்வி. துப்பலைப் பற்றிப் பத்துப் பேர் கேட்டால் இதை ஒருவர்தான் கேட்கிறார், நேர்மாறாக இருக்க வேண்டும்.

இலங்கையின் மிக உயர்ந்த பீதுருதாலகாலை 2,524 மீற்றர். உயர நோய் தொடங்குவதே 2,500 மீற்றர் அளவில்தான். ஆகவே இலங்கையில் எந்த மலையில் ஏறினாலும் உடல் அந்த உயரத்துக்குப் பழகாது. பெருவில் தங்குமிடமான உவாராஸ் 3,050 மீற்றர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் 70 வீதம் அளவு. கணவாயில் அது பாதியைச் சற்றே தாண்டும். இளவயது, உடற்பயிற்சி எதுவும் இதற்குக் காப்பு அல்ல. கால்பந்து ஆடுகிற பெடியன் வாந்தியெடுத்துப் படுத்திருக்க, அவன் தாய் நடந்து போவதும் உண்டு.

3,000 மீற்றருக்கு மேலே, தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டாதீர்கள். ஓயெரோஸ் வழியின் முதல் முகாம் ஏறக்குறைய 4,000 மீற்றர் என்பதால் உவாராஸில் மூன்று இரவாவது தங்கியே ஆக வேண்டும். முதல் நாள் ஓய்வு. இரண்டாம் நாள் ஊருக்குப் பக்கத்தில் 3,700 மீற்றரில் உள்ள வில்காகோச்சா ஏரிக்கு நடந்து ஏறி, இறங்கி வந்து தூங்குங்கள். பயண நாளைக் குறைக்கச் சொல்லும் முகவர் முதலில் வெட்டுவது இந்த இரவுகளைத்தான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

தலையிடி, ஓங்காளம், பசியின்மை வந்தால் அன்று மேலே போகக் கூடாது. அசையாமல் இருக்கும்போதே மூச்சிரைப்பு, ஈர இருமல் என்றால் நுரையீரலில் நீர். தள்ளாட்டம், பேச்சுக் குழறல் என்றால் மூளை வீக்கம். சந்தேகம் வந்தால் ஒரு காலின் குதி மறு காலின் பெருவிரலில் முட்ட, நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். முடியாதவரை இரவு என்றாலும் கீழே இறக்குங்கள், இருவர் துணையோடு. விடியட்டும் என்று காத்திருந்துதான் பலர் இறந்திருக்கிறார்கள்.

அதற்குக் குளிசை இருக்கிறதாமே? சீனி வியாதி, பிரஷர் உள்ளவர்கள் போகலாமா?

அசெட்டசோலமைட் என்ற குளிசை இருக்கிறது. வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறுவதற்கு முதல் நாளே தொடக்கம். சிறுநீர் அடிக்கடி போகும், விரல் நுனி விறுவிறுக்கும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் வைத்தியரிடம் கேட்காமல் தொடவே கூடாது. ஊரில் இருக்கும்போதே ஒரு நாள் போட்டுப் பாருங்கள், ஒவ்வாமை இருந்தால் வைத்தியசாலை பக்கத்தில் இருக்கும்.

பிரஷரும் சீனியும் கட்டுப்பாட்டில் இருந்தால் வைத்தியரின் ஒப்புதலோடு போகலாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர், இதய இறைப்புக் குறைந்தவர் அல்ப்ஸ் அரைநாளோடு நிறுத்திக்கொள்ளட்டும். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும், பிறகு உருகினாலும் வேலை செய்யாது. பகலில் உள்சட்டைப் பையிலும், இரவில் தூக்கப் பைக்குள்ளும் வையுங்கள். லாமாவின் பொதியில் போடாதீர்கள். சீனி அளக்கும் கருவி குளிரிலும் உயரத்திலும் பிழையான அளவைக் காட்டக் கூடும். எண்ணை மட்டும் நம்பாமல் வியர்வை, நடுக்கம் போன்ற குறிகளையும் பாருங்கள். ஜீவனிப் பொட்டலம் ஆளுக்கு நாலு எடுத்துச் செல்லுங்கள்.

மேடே இல்லாத ஊரில் எங்கே பழகுவது?

உயரத்துக்குப் பழக முடியாது, காலைப் பழக்கலாம். எட்டு வாரம் போதும். கல்லடி அல்லது பாசிக்குடா மணலில் சப்பாத்தோடு வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம். கணுக்காலுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்றும் வெயிலும் வாட்டும் என்பதால் காலை ஐந்து மணிக்கே இறங்கிவிடுங்கள். ஏற்றத்துக்கு மாடிப்படி: ஒரு மாடி 3 மீற்றர் என்றால் நூறு மாடி ஏறினால் 300 மீற்றர். மூன்று மாடிக் கட்டடத்தில் முப்பத்து மூன்று தடவை. முதலில் வெறுங்கையோடும், நாலாம் வாரத்திலிருந்து முதுகில் 6 கிலோவோடும் ஏறுங்கள். இறங்கும்போதுதான் முழங்கால் கெடும், ஓடி இறங்காதீர்கள்.

கிரான் பக்கம் குடும்பிமலை 534 மீற்றர், முழுக் குழுவும் ஒன்றாக நடந்து பார்க்க நல்ல இடம். யானை நடமாட்டம் உள்ள பகுதி. உள்ளூரவரோடு, பகலில் மட்டும். கடைசியாக, குளிர் உடுப்பைச் சோதிக்க ஹோட்டன் சமவெளி. பதுளையிலிருந்து ரயிலில் பட்டிப்பொல போய், அங்கிருந்து ஏறலாம். 2,100 மீற்றருக்கு மேல் இரவுக் குளிரில் எந்தச் சட்டை போதவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சப்பாத்தைப் பயணத்துக்கு முதல் வாரம் வாங்கக் கூடாது. வாங்கி 50 கிலோமீற்றராவது நடந்திருக்க வேண்டும். பின்னேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னே ஒரு விரல் அகலம் இடம் வேண்டும்.

சாப்பாடு?

அம்பாறைப் பக்கக் குழுக்களில் சைவம் சாப்பிடுகிறவரும் ஹலால் பார்க்கிறவரும் ஒரே கூடாரத்தில் இருப்பார்கள். பதிவு செய்யும்போதே ஒவ்வொருவருடைய கட்டுப்பாட்டையும் எழுத்தில் கொடுங்கள். பெருவின் மலைப்பகுதியில் அல்பாக்கா இறைச்சியும், கூய் எனப்படும் கினிப்பன்றியும் சாதாரண உணவு. சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கும், ‘இறைச்சி இல்லை’ என்று சொன்னால் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிற சமையல்காரர்களும் உண்டு. கீன்வா என்ற தானியம், உருளைக்கிழங்கு, சோளம் என்று கேட்டால் எல்லாருக்கும் பொருந்தும். முட்டையும் ஆற்று மீனும் சைவக்காரர் அல்லாதவர்களுக்கு.

சோறு வேகவில்லை என்று சமையல்காரரைக் குறை சொல்லாதீர்கள். 4,700 மீற்றரில் தண்ணீர் 85 பாகையிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி நடுவில் விறைப்பாகவே நிற்கும், பருப்பு அவியவே அவியாது. எள்ளுருண்டை, வறுத்த கச்சான், பேரீச்சம்பழம் நடக்கும்போது நல்லது. சுவிஸுக்கு இங்கிருந்து இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோக அனுமதி இல்லை. மகளுக்கென்று கட்டிய எருமைத் தயிர்ச் சட்டி விமான நிலையத்தில் நின்றுவிடும்.

லாமாவுக்கு நாங்கள் ஏதாவது ஊட்டலாமா?

வேண்டாம். பிஸ்கட்டும் பாணும் அதன் வயிற்றுக்கு ஆகாது. கையால் ஊட்டினால் பைக்குள் மூக்கை விடப் பழகும், பக்கத்து லாமா துப்பும். வழியோரச் செடியைத் தின்னவும் விடக் கூடாது. அல்ப்ஸில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரன் லாமாவுக்கு நஞ்சு. ஹோட்டன் சமவெளியில் மகரத்மல் என்று பூப்பதும் அந்த இனம்தான். தலை கீழே போனால் கயிற்றை மெதுவாகத் தூக்கி நடையைத் தொடருங்கள்.

படம் எடுக்கும்போது என்ன பிழை வருகிறது?

பெரும்பாலான படங்களில் லாமாவுக்குத் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் இருக்கும். நின்றபடி, கிட்டப் போய், போனின் அகலக் கண்ணால் எடுத்ததன் விளைவு. நாலைந்து மீற்றர் தள்ளி, இருமடங்கு சூமில், லாமாவின் நெஞ்சு மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். பனி நிறைந்த பின்னணியில் கமரா ஏமாந்து ஆட்களைக் கறுப்பாக்கும். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்று மேலே தள்ளுங்கள். கிட்ட நின்று பிளாஷ் போடக் கூடாது.

செல்பிக்காகக் கயிற்றை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கயிற்றைப் பக்கத்தவரிடம் கொடுத்த பிறகுதான் போனை எடுக்க வேண்டும். சரிவான, ஒடுங்கிய பாதையில் படமே வேண்டாம். மலைக் கிராமத்துப் பெண்களையும் பிள்ளைகளையும் கேட்காமல் எடுக்காதீர்கள். கேட்டு, சிரித்து, மறுத்தால் விட்டுவிடுங்கள்.

குளிரில் பற்றறி அரைவாசி காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துவிடும். உடம்புச் சூட்டில் வைத்தால் திரும்ப வரும். மூன்று நாளும் போனை விமான நிலையில் (பிளைட் மோட்) வைத்திருங்கள். சிக்னலைத் தேடித்தான் பற்றறி வீணாகிறது. 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் இருவருக்கு ஒன்று, அதையும் கைப்பையில்தான் விமானத்தில் கொண்டுபோகலாம்.

பத்துப் பேர் எடுத்த படங்களை எப்படி ஒன்றாக்குவது?

புறப்படும் முன்பே முடிவுசெய்தால் ஒரு பின்னேர வேலை, பிறகு என்றால் வருடக்கணக்கில் இழுபடும். முதல் வேலை, நேரம். பெரு நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால், சுவிஸ் கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால். போன் தானாக மாறிவிடும், கமரா மாறாது. மாற்றாமல் விட்டால், வரிசைப்படுத்தும்போது காலையில் லாமாவுக்குச் சேணம் கட்டும் படம் அன்றிரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து நிற்கும். இறங்கிய அன்றே எல்லாக் கமராவையும் ஒருவருடைய போனைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். மறந்துவிட்டால், எல்லாக் கமராவாலும் அந்தப் போனின் கடிகாரத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள், பிறகு வித்தியாசத்தைக் கணித்து மாற்றலாம்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், அச்சில் மங்கும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது ஒரே கூகுள் டிரைவ் கோப்புறைக்குள் ஆளுக்கொரு உட்கோப்புறை. ஆளுக்கு அறுபது படம் என்று எல்லை வையுங்கள். எல்லை இல்லாவிட்டால் ஒரே ஏரி நானூறு தடவை வரும். குழுவில் ஒருவர் மட்டும் தெரிவாளர். பத்துப் பேரும் சேர்ந்து தெரிவுசெய்யப் போன அல்பம் அச்சுக்குப் போனதில்லை.

படத்தைத் தவிர எதைக் குறித்து வைப்பது?

இரவில் கூடாரத்துக்குள் ஐந்து வரி: எங்கிருந்து எங்கே, எத்தனை மணி, யார் எந்த லாமாவைப் பிடித்தார், என்ன சாப்பாடு, யார் என்ன சொல்லிச் சிரிக்க வைத்தார். கடைசி வரிதான் ஐந்து வருடம் கழித்து எல்லாரும் தேடுவது, ஆனால் முதலில் மறப்பதும் அதுதான். லாமாவின் பெயரை நடத்துநரிடம் கேட்டு, நிறத்தோடு எழுதுங்கள். பெயர் இல்லாமல் அல்பத்தில் எல்லாம் ‘அந்த வெள்ளை’ ஆகிவிடும். பேனையின் மை குளிரில் உறையும், பென்சில் கொண்டுபோங்கள். ஒலியும் பதியுங்கள், ஒரு நிமிடம் போதும்: விடியக்காலை லாமாக்கள் முனகும் சத்தம் எந்தப் படத்திலும் வராது.

மட்டக்களப்பில் லாமா வளர்த்து, சுற்றுலா நடத்தினால் என்ன?

அடிக்கடி வரும் யோசனை. வேண்டாம். லாமா வளர்ப்போரிடம் ஒரு கணக்கு உண்டு: வெப்பத்தைப் பாரன்ஹைட்டில் எடுத்து, ஈரப்பத வீதத்தைக் கூட்டுவார்கள். 120க்குக் கீழே என்றால் பிரச்சினை இல்லை. 150 தாண்டினால் வேலை வாங்கக் கூடாது. 180 உயிராபத்து. இங்கே 30 பாகை என்றால் 86, ஈரப்பதம் 75 என்றால் கூட்டுத்தொகை 161. அதுவும் சாதாரண நாளில், நிழலில்.

திரும்பும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பெரு நாடு, மஞ்சட்காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளில் ஒன்று. அங்கிருந்து இலங்கைக்குள் வர மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், பிறகு ஆயுளுக்கும் போதும். கொழும்பு பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் நாள் கேட்டு, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

கொக்கா இலைத் தேநீர் பெருவில் எல்லா விடுதியிலும் கிடைக்கும், அங்கே சட்டப்படி சரி. இலையோ தேநீர்ப் பொட்டலமோ ஒன்றுகூடப் பையில் இருக்கக் கூடாது, வழியில் இறங்கும் விமான நிலையத்திலேயே வழக்காகும். கழுவாத லாமா மயிரும் வேண்டாம். நூற்று நெய்த சால்வை, தொப்பி வாங்குங்கள். மட்டக்களப்பின் ஈரக்காற்றில் அவை பூஞ்சணம் பிடிக்கும், பூச்சி அரிக்கும். குளிர்ந்த தண்ணீரில் சம்பூ போட்டு அலசி, பிழியாமல் துவாயில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் பாயில் பரப்பிக் காயவிடுங்கள். கொடியில் போட்டால் நீண்டுவிடும். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். அச்சிட்ட அல்பத்துக்கும் கமராக் கண்ணாடிக்கும் அதே பெட்டி போதும். மாரி தொடங்கும் ஒக்டோபருக்கு முதல் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள்.